இடப்பக்கம் சுற்றிய நூல்

இறகுத் தூண்டிலுக்குக் கண் உண்டு, கழுத்து உண்டு, உடம்பு உண்டு, இறக்கை உண்டு, வால் உண்டு. ஈயத்தில் வார்த்த தலையும் உண்டு. வயிறு மட்டும் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் வயிறு இல்லாமல் பிறந்த ஒரே ஜீவன் அதுதான், அதனால்தான் அதற்கு அவ்வளவு உபசாரம் என்று நான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று முகம் வெளுத்துப்போயிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். நான் எழுத வந்தது அந்த வாயைப் பற்றித்தான், தூண்டில் ஒரு சாக்கு.

காஜா பெராங்கில் மலாய் பேசும் செட்டிகளின் கிராமமான செட்டிக் கம்பத்தை ஒட்டினாற்போல் ஒரு பலகை வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இல்லை. அவர் வெள்ளைக்காரன் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு போய், மற்றவன் சொன்னதைச் சாயங்காலம் வரைக்கும் அழகான கையெழுத்தில் எழுதுகிற உத்தியோகம். கையெழுத்தைக் குறை சொல்லக் கூடாது, அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதும் அந்தக் கையெழுத்துக்கு ஊரில் ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. மனிதருக்கு ஆணி அடிக்க வராது. மரவள்ளிக் குச்சியை நடச் சொன்னால் தலைகீழாக நட்டுவிட்டு, ஏன் முளைக்கவில்லை என்று தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றேன்.

இந்த 'நான் அப்பவே சொன்னேன்' எங்கள் வீட்டில் என்னுடைய சொத்து. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை. வருவதற்கு நான் வழி விட்டதும் இல்லை. அவர் என்ன சொன்னாலும் சிரிப்பேன், நான் என்ன சொன்னாலும் அவர் தலையாட்டுவார், குடித்தனம் சௌகரியமாக நடந்தது.

எனக்குக் கைத்தொழில் ஒன்று இருந்தது. பூக் கட்டுவேன். வீட்டைச் சுற்றி அரளியும் மல்லிகையும் வைத்திருந்தேன், கட்டின சரம் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போகும். நான் இடது கைக்காரி. சின்ன வயதில் அம்மா அந்தக் கையைத் துணியால் கட்டிப் பார்த்தார், அகப்பைக் காம்பால் அடித்துப் பார்த்தார். சோறு தின்பது மட்டும் வலது கைக்கு மாறியது, பூ மாறவில்லை. சாமிக்குப் போகிற பூவைப் பீச்சாங்கையால் கட்டாதேடி என்று கெஞ்சியும் பார்த்தார். நான் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளையார் ஒரு சரத்தையும் திருப்பி அனுப்பவில்லை. அதில் எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள். நல்ல கூலி, அரிசி, துணிமணி, மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று தமிழிலேயே நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று மாதம் கழித்து ஒருவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நோட்டீஸை யாரும் படிக்கவில்லை, ஆகவே லாரி வந்தது. கள்ளுக்கடை வாசலில் நின்றவன், கோயிலுக்குப் போனவன், உப்பு வாங்கப் போனவன் என்று கையில் அகப்பட்டவனை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரியோடு வந்து ஆளைக் காட்டிக் கொடுத்ததில் நம்மவர்களும் உண்டு, அதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. 'இவர் இங்கே வேலைக்குத் தேவை' என்று முத்திரை குத்திய தாள் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் விட்டுவிடுவார்கள். என் வீட்டுக்காரர் யாருக்கும் தேவைப்படாத ஆளாக இருந்தார். வெளியே நான் என்ன கேலி பேசினாலும் லாரிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவேன். அவரைப் பின்னால் வாழைமரத்தடியில் போய்க் குந்தச் சொல்வேன். கோட்டு அழுக்காகும் என்று அவர் நின்றுகொண்டே ஒளிவார்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருச் சடக்கில் பூட்டிக் கிடந்த ஒரு கடைவீட்டில் தூண்டில் பட்டறை ஒன்று திறந்தார்கள். ஜப்பான் படைக்கும் மீன் போதவில்லை, ஊருக்கும் போதவில்லை. தூண்டிலில் குத்திப் போட இரை ஏது? இரையாகக்கூடியதை எல்லாம் மனிதர்களே தின்றுகொண்டிருந்தோம். அதனால் இறகைக் கட்டி மீனை ஏமாற்றுவது என்று முடிவாயிற்று. குடைக்கம்பியை வளைத்துத் தூண்டில், பழைய தேயிலைப் பெட்டியின் ஈயத்தகட்டை உருக்கித் தலை, சேவலின் கழுத்து இறகு, பட்டு நூல். கம்பி வளைப்பதும் ஈயம் வார்ப்பதும் பட்டறையிலேயே நடந்துவிடும். இறகு கட்ட எட்டுப் பேர் வேண்டும் என்றார்கள். இரண்டு மாதம் பழக வேண்டும், பிறகு ஜப்பான் அதிகாரி வந்து சோதிப்பார், தேறியவருக்கு அந்த முத்திரைத் தாள் உண்டு. அதுவரைக்கும் லாரியில் ஏற்றாமலிருக்கக் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் நேரே போய், சிறுவயது முதலே தூண்டில் கட்டிப் பழக்கம் என்று அந்த அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"ஏம்மா, தூண்டில்ல இறகு எந்தப் பக்கம் இருக்கும்?"

பட்டறைக்கு ஒரு வாத்தியாரைப் போட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலக்கணம் நடத்தியவர். ஜப்பான் மொழி வகுப்புக்கு ஊரிலேயே முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கடல் பக்கம் போனதும் இல்லை, மீன் முள்ளை எடுக்கத் தெரியாமல் மனைவியை எடுத்துத் தரச் சொல்லிச் சாப்பிடுகிறவர் என்று கேள்வி. ஆனால் படம் போட்ட ஒரு ஜப்பான் புத்தகத்தை அவர் கையில் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துக் கரும்பலகையில் பெரிய தூண்டில் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதி, எட்டு ஆண்பிள்ளைகளையும் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னார். கற்றுக்கொள்கிறவன் முதலில் பெயரைக் கற்க வேண்டுமாம், கை தானாக வருமாம்.

தூண்டில் நரம்பை நுழைத்துக் கட்டுகிற ஓட்டையைக் கண் என்று சொன்னால் போதும், எல்லாருக்கும் புரியும். வாத்தியாருக்குப் போதவில்லை, அதை நேத்திரம் என்றார். கண்ணிலிருந்து நேராக ஓடும் கம்பி தண்டு, அது திரும்புகிற இடம் வளைவு, மீன் வாயில் ஏறுவது முனை, ஏறினது வழுக்கி வெளியே வராமல் தடுக்கிற சின்ன முள் எதிர்முள். இதெல்லாம் தூண்டிலின் பாகம். கட்டுவதின் பாகம் வேறு. முதலில் தண்டின் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றுவது அடிச்சுற்று. அது இல்லாவிட்டால் மேலே கட்டுகிற எதுவும் கம்பியில் நிற்காது, வழுக்கி ஓடும். பிறகு வளைவுக்குப் பக்கத்தில் வால், அதற்கு முன்னால் உடம்பு, ஈயத்தலையை ஒட்டிக் கழுத்தைச் சுற்றி விரித்துக் கட்டுகிற இறகு. தண்ணீரில் இழுக்கும்போது அந்தக் கழுத்து இறகுதான் உயிருள்ளது மாதிரி திறந்து மூடும், மீன் ஏமாறுவது அதில்தான். வாத்தியார் அதற்குக் கண்டாபரணம் என்று பெயர் வைத்தார். கோழியின் கழுத்திலிருந்து பிடுங்கியதற்கு ஆபரணமாம்! கடைசியில் நூலின் நுனியை அதன் சுற்றுக்கு அடியிலேயே மறைத்து இழுத்து அறுப்பது பூர்த்திச் சுற்று. முடிச்சு வெளியே தெரியக் கூடாது.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து முகம் கழுவிக்கொண்டு இதையெல்லாம் எனக்கு ஒப்பிப்பார். நேத்திரம், தண்டு, வளைவு, கண்டாபரணம். திருத்தமான உச்சரிப்பு, ஒன்று விடுபடாது. "சரி, கட்டிக் காட்டுங்க," என்றால், நூல் விரலைச் சுற்றும், இறகு மூக்கில் ஏறும், தூண்டில் வேட்டியில் மாட்டிக்கொள்ளும். ஒரு தடவை கட்டைவிரலிலேயே ஏறிவிட்டது. எதிர்முள் எதற்கு என்று அன்றைக்குத்தான் அவருக்கு நிஜமாகப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

பட்டறையில் மேசை ஒன்றுதான், காலையில் பாடம், கட்டுவதை வீட்டில் கட்டிப் பெட்டியில் கொண்டுவர வேண்டும் என்று வழக்கம். ஆகவே நான் கட்டினேன். மூங்கிலைப் பிளந்து அதில் தூண்டிலின் வளைவை இறுக்கி, மூங்கிலைக் காலுக்கு அடியில் மிதித்துக்கொண்டு, பூச்சரம் கட்டுகிற கையாலேயே கட்டினேன். மல்லிகைக் காம்பை விட இறகின் காம்பு வழவழப்பு, மற்றபடி ஒன்றும் வித்தியாசமில்லை. நூல் தீர்ந்தபோது என் கூறைப்புடவை முந்தானையிலிருந்து பட்டை உருவிக் கொண்டேன். மேலே தடவக் குங்கிலியப் பிசினை உருக்கி வைத்திருந்தேன், அது விரலில் ஏறினால் லேசில் போகாது. இரண்டாவது வாரத்திலேயே என் தூண்டில்கள்தான் கடலுக்கு முதலில் போயின. கெம்போங் மீன் வரிசையாக ஏறுகிறது என்று மீனவர்கள் அந்தப் பெட்டியைத்தான் கேட்கிறார்களாம். வாத்தியார் என் வீட்டுக்காரரை எழுந்து நிற்கச் சொல்லி, பெயர்களைப் பிழையில்லாமல் சொல்கிறவன் கை எப்படி வேலை செய்கிறது பாருங்கள் என்று மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறார். இவரும் நின்றிருக்கிறார்.

மற்ற ஏழு பேரும் அதே கதைதான். ஏழு பேருக்கும் வீட்டில் மனைவியோ தங்கையோ அண்ணியோ இருந்தார்கள். பட்டறையின் எட்டுப் பெட்டியும் எட்டுப் பெண்கள் கட்டியது. பெயரை ஆண்பிள்ளைகள் கற்றார்கள், வேலையைப் பெண்கள் பார்த்தோம். இது ஒன்றும் ஜப்பான்காரன் கொண்டுவந்த புதுமை இல்லை.

இறகு பக்கத்து வீட்டுச் சேவலிடமிருந்து வந்தது. அந்த வீட்டு அம்மாள் செட்டிக் கம்பத்துக்காரர். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். "அம்பெல்லா," எடுத்துக்கொள் என்று வாரம் ஒருமுறை சேவலைப் பிடித்துக் கொடுப்பார். பதிலுக்கு நான் அவர் வீட்டுச் சாமிக்குப் பூக் கொடுப்பேன். ஜப்பான்காரன் ஊர்க் கடிகாரத்தை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான் அல்லவா, அந்தச் சேவல் மட்டும் பழைய நேரத்துக்கே கூவிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாதம் அது மொட்டைக் கழுத்தோடு வேலி மேல் நின்றது. சட்டத்தை மீறினதற்குத் தண்டனை என்றேன். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் ஒரு புதுப் பெயரோடு வந்தார். பிரதட்சிணம்.

"நூல் எந்தப் பக்கமா சுத்தணும்னு ஒரு முறை இருக்காம்," என்றார். "கண்ணுப் பக்கத்துலேர்ந்து பார்த்தா கடிகார முள்ளு சுத்தற மாதிரி இருக்கணும். நாம சாமிய வலம் வர்ற மாதிரி. உன்னோடது எல்லாம் மறுபக்கமா சுத்தியிருக்கு."

"அதனால என்ன?"

"கழுத்து லூசாயிட்டா வேற ஆளு பழுது பார்ப்பாங்க. அவங்க வலப்பக்கமா இறுக்கப் போனா உன்னோடது அவுந்துடுமாம். வாத்தியார் சொன்னாரு."

எனக்கு வந்ததே சிரிப்பு. "கடிகாரத்தையே தள்ளி வச்சவங்க முள்ளு சுத்தற பக்கத்தைப் பத்திப் பேசறாங்களா? நான் கட்டின பூ இத்தனை வருஷமா பிள்ளையார் கழுத்துல கெடக்குது. அவரே எந்தப் பக்கம்னு கேக்கல. கெம்போங் மீனு கேக்கப் போகுதா?"

அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "ஒரு பத்தாவது அந்தப் பக்கமா சுத்திக் குடேன், பெட்டியில மேலால வச்சுக்கறேன்," என்றார். மறுநாளும் கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒன்றை இரண்டு தடவை கேட்டது அதுதான் முதல். அந்தப் பக்கமாகச் சுற்ற எனக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். ஆனால் அம்மா அகப்பைக் காம்பால் அடித்தும் மாற்றாத கையை ஒரு இலக்கண வாத்தியாருக்காக மாற்றுவதா என்று இருந்தது. "வாத்தியாரை வந்து கட்டச் சொல்லுங்க," என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தாமாகவே கட்டிப் பழக உட்கார்ந்தார். இரண்டு வாரத்தில், அழகில்லாவிட்டாலும் அவிழாத ஒரு தூண்டிலைக் கட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். வலது கையால், வலப்பக்கமாக.

சோதனை அன்று மத்தியானம் அவருக்குக் கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மற்ற வீட்டுப் பெண்கள் யாரும் வரவில்லை, எனக்குத்தான் வேடிக்கை பார்க்க வேண்டும். வாசல் கதவோரமாக நின்றேன். அதிகாரி ஏற்கெனவே வந்திருந்தார். குள்ளமான மனிதர், கண்ணாடி போட்டவர், கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தூண்டில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த விதத்திலேயே, இந்த ஆள் ஊரில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தாமே இறகு கட்டி மீன் பிடித்தவர் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வேலை தெரிந்தவர் கை அப்படித்தான் தொடும். எனக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. அதிகாரி ஒரு பெரிய தூண்டிலைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார், இவர் சொன்னார், வாத்தியார் ஜப்பான் மொழியில் மாற்றிச் சொன்னார். நேத்திரம், தண்டு, வளைவு, எதிர்முள், அடிச்சுற்று, கண்டாபரணம், பூர்த்திச் சுற்று. ஒன்று பிசகவில்லை. நூல் சுற்றும் திசை? பிரதட்சிணம் என்றார் கணீரென்று. வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதிகாரி தலையை ஆட்டி, ஒரு கம்பியும் நூலும் இறகும் எடுத்துக் கொடுத்து, கட்டு என்று சைகை காட்டினார். இவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டினார். கட்டிவிட்டார்! இறகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஆனாலும் கட்டிவிட்டார். மற்ற பேர்களும் அந்த லட்சணத்தில்தான் கட்டியிருந்தார்கள், அவர்கள் எல்லாரும் தேறியிருந்தார்கள்.

அதிகாரி அந்தத் தூண்டிலை இடது உள்ளங்கையில் வைத்தார். பெட்டியிலிருந்து நான் கட்டியதில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் கண் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு நகத்தால் நூல் நுனியைக் கிளப்பி அவிழ்த்தார். ஒன்று இந்தப் பக்கமாக அவிழ்ந்தது, மற்றது அந்தப் பக்கமாக அவிழ்ந்தது. பெட்டியைக் கொட்டி எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் அந்தப் பக்கம்தான்.

மற்ற ஏழு பெட்டியிலும் இருந்தது ஏழு பெண்களுடைய கைவேலை. ஆனால் அவை வலது கை.

"இதெல்லாம் யார் கட்டினது என்று கேட்கிறார்," என்றார் வாத்தியார்.

"நான்தான் சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

அதிகாரி அவருடைய இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். சுத்தமான கிராணிக் கை. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தவர் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்திருந்த என் இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குங்கிலியம் ஏறிக் கறுத்துப்போயிருந்தன. கிட்ட வரச் சொன்னார். ஒரு கம்பியை நீட்டினார்.

அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று. அன்றைக்கு நான் கையைச் சொதப்பியிருக்கலாம். இறகைப் பிய்த்திருக்கலாம், எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா, பிசின் மட்டும்தான் உருக்கிக் கொடுப்பேன் என்று அழுதிருக்கலாம். பயத்தில் கட்டிவிட்டேன் என்றுதான் பல வருடம் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். பயம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் வேலை தெரிந்த ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார், எட்டு ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு மாதமாக நான் செய்த வேலைக்கு எழுந்து நின்று பாராட்டு வாங்கினவர் இவர். என் கை தானாக ஓடியது. வெற்றிலை ஒன்று போட்டுக்கொள்கிற நேரத்தில் கட்டி, நுனியை மறைத்து இழுத்து, பல்லால் நூலை அறுத்துக் கொடுத்தேன். அறுக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது எழுதக் கூசுகிறது.

அதிகாரி அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்குத் தலைகூடத் தாழ்த்தினார். நியாயமான மனிதர். பொய் சொன்னவருடைய கைப்பட்டையைத் தாமே அவிழ்த்தெடுத்தார். வேலை செய்தவருக்கு வேலையின் தாள் என்று, மேசையிலேயே உட்கார்ந்து எழுதி, முத்திரை குத்தி என்னிடம் நீட்டினார். மேலே என் பெயர். இந்தப் பெண் மலாக்காவில் தேவை, இவளை எங்கும் அனுப்பக் கூடாது. இவ்வளவு ஒழுங்கான ஒரு நீதியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என்னை எங்கும் அனுப்ப யாரும் கேட்டிருக்கவே இல்லை.

வீட்டுக்குப் போகும்போது அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால். கிழங்கை இருவருமே தொடவில்லை.

மூன்றாம் நாள் காலையில், நான் அலசிப் போட்ட பட்டு நூல் வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது, லாரி வந்தது. வாழைமரத்தடிக்குப் போகச் சொன்னேன், அவர் போகவில்லை. பட்டறையிலிருந்து விலக்கினவர் பெயர் அவர்களிடம் எழுதியே இருந்தது. இருவர் இறங்கினார்கள், இரண்டு பேரும் தமிழர்கள். நான் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த நேரத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை, முத்திரையைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. ஒருவர் வாங்கி மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு நாலாக மடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க வர வேணாம்மா," என்றார். "உங்களுக்குத்தான் தாள் இருக்கே."

என் வீட்டுக்காரர் கோட்டை மாட்டிக்கொண்டார். சயாமுக்குக் கோட்டு எதற்கு என்று கேட்க வாய் வந்தது, முதல் தடவையாக மூடிக்கொண்டேன். லாரியில் ஏறுவதற்கு முன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக நான் அவர் மேல் வீசிய அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு அவருடையது. சொல்லியிருக்கலாம். சொல்லுவார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன், சொல்லட்டும் என்றும் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வராதவரிடமிருந்து அந்த ஒரு வசவாவது மிஞ்சியிருக்கும்.

அவர் வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும் போல இருக்கு," என்றார். "நூலை எடுத்து உள்ள வை."